தொடக்கூடாத டொலர்

1

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் ஆரணி டிரெஸ்டனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். இந்த முறை வர முடியாதாம்.

"வருசம் சனிக்கிழமைதானே பிள்ளை. வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டியெண்டால் இரவுக்கு இஞ்சை நிப்பாய்" என்றேன்.

"ஏலாதப்பா. திங்கள் காலமை கிளவ்சூர் இருக்கு."

கிளவ்சூர் என்பது எழுத்துப் பரீட்சை. அந்தச் சொல்லோடு அவள் ஜேர்மன் மொழிக்குள் இறங்கிவிட்டாள். எப்போதும் அப்படித்தான். நாலு வசனம் தமிழில் வரும், பிறகு கால் வழுக்கியது போல ஜேர்மனுக்குள் போய்விடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். பக்கத்தில் நின்று கேட்பவர்கள் இரண்டு பேர் இரண்டு வேறு ஆட்களோடு கதைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ஹம் நகரத்தில். நான் கேபிள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் மனைவி சுகந்தி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. அவள் உலோகங்களைப் பற்றிப் படிக்க டிரெஸ்டனுக்குப் போய் ஆறேழு மாதம்தான் ஆகிறது. "அதென்ன படிப்பு, டொக்டருக்குப் படிக்கேலாமல் போச்சோ?" என்று கேட்காத உறவினர் இல்லை. நான் வீட்டில் நாணயம் சேர்ப்பதால்தான் அவளுக்கு உலோகத்தில் ஆசை வந்தது என்று கொஞ்சக்காலம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். காரணம் தன்னுடைய ரசாயன ரீச்சர் என்று அவள் ஒருநாள் விருந்தாளிகளுக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

கை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடத் தெரிந்த நாளிலிருந்து அவள் கைவிசேஷம் வாங்காத வருடப்பிறப்பு இல்லை. கைவிசேஷம் என்று எழுதுகிறேன், எங்கள் வாயில் அது கைவியளம். வருடம் பிறந்த பின், பஞ்சாங்கம் சொல்கிற நல்ல நேரத்தில், வெற்றிலையும் நெல்லும் பூவும் ஒரு நாணயமும் பெரியவர் கையிலிருந்து சிறியவர் கைக்குப் போகவேண்டும். அந்த வருடத்தின் நன்மையெல்லாம் அந்தக் கையோடு வருகிறது என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டில் அந்த நாணயம் ரூபாயும் இல்லை, மார்க்கும் இல்லை, யூரோவும் இல்லை. அது ஓர் அமெரிக்க டொலர். அதுவும் சாதாரண டொலர் இல்லை.

அவள் வரமாட்டாள் என்பதைவிட இன்னொன்றுதான் என்னைக் கூடுதலாக வருத்தியது. டிரெஸ்டனுக்குப் போகும்போது அவள் தலையணை முதல் தேநீர்க் கோப்பை வரை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனாள். வருடாவருடம் நான் கொடுத்த டொலர்கள் அடுக்கியிருந்த நீலப் பெட்டியை மட்டும் புத்தகத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அறைக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டி கண்ணில் படும். பிள்ளை எங்கள் கையைவிட்டுப் போய்விட்டாளோ என்ற பயம் எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் வந்தது.

2

அமெரிக்க டொலருக்கும் எனக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் லிண்ட்னரால் வந்தது.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரம் அவருடையது. என் வயதுதான். அவருடைய தங்கை இங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு அந்த நாட்டுக்குப் போனவர். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் அண்ணனுக்கு ஒரு புரூஃப் நாணயத் தொகுதி அனுப்புவார். புரூஃப் நாணயம் செலவழிப்பதற்காக அடிக்கப்படுவதில்லை. அச்சையும் உலோக வட்டையும் முன்கூட்டியே மினுக்கி, ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்தி, பார்ப்பதற்கென்றே எடுக்கிறார்கள். வெறும் இடம் முகம் பார்க்கிற கண்ணாடியாக இருக்கும். உருவம் மட்டும் மாப்பூசியது போல வெள்ளையாக நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதிய இடைவேளையில், லிண்ட்னர் அப்படி ஒரு டொலரைக் கறுப்புத் துணியில் வைத்துக் காட்டினார். கையில் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். ஏதோ குளிராக்கும் என்று நினைத்தேன். துணியை என் பக்கம் தள்ளி, பார் என்று தலையசைத்தார். நான் பார்த்தேன். பிறகு அதைக் கையில் எடுத்தேன். பெருவிரல் முன்பக்கத்திலும் சுட்டுவிரல் பின்பக்கத்திலும் பட, இறுக்கிப் பிடித்து, வலது கண்ணில் ஒருதரம், இடது கண்ணில் ஒருதரம் ஒற்றிக்கொண்டேன்.

வேறென்ன செய்வது? அப்படிப் பளிச்சென்ற புதுக்காசு கைக்கு வந்தால் கண்ணில் ஒற்றாமல் எங்கள் ஆட்கள் யார் இருப்பார்கள்?

லிண்ட்னரின் காதுகள் சிவந்தன. கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் போட்டார். நான் திருப்பி நீட்டிய டொலரை அவர் வாங்கவில்லை.

"தொட்டாயிற்று. இனி இது உன்னுடையது" என்றார்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது அந்த வசனம் மட்டும்தான். ஒரு வெள்ளைக்காரன், முன்பின் தெரியாத எனக்கு, ஒரு டொலரைத் தூக்கித் தந்துவிட்டான் என்று அறைக்குப் போய்க் கூட இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். புரூஃப் நாணயத்தில் வெறும் விரல் பட்டால் அந்த அடையாளம் உலோகத்துக்குள் இறங்கிவிடும், அழிக்கப் போனால் இன்னும் பழுதாகும், சேர்ப்பவர்களுக்கு அந்த நாணயம் செத்ததற்குச் சமம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நல்ல மனத்தால் தந்தாரா, இனி என்ன செய்ய என்று தந்தாரா? இன்றுவரை நான் கேட்டதில்லை. இரண்டும் கலந்துதான் என்று நினைக்கிறேன். மனிதருடைய நல்ல காரியங்களில் முக்கால்வாசி அப்படித்தான் நடக்கின்றன, அதற்காக நன்றியைக் குறைத்துச் சொல்ல முடியாது.

அந்தச் செத்த டொலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். அப்போது என் அகதி வழக்கு முடியவில்லை. அனுமதி இல்லாமல் நகர எல்லையைத் தாண்டக்கூடாது. லிண்ட்னர் என்னைப் பக்கத்து நகரத்தில் நடக்கும் நாணயச் சந்தைக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். அதற்கு ஒரு அன்றாக், அதாவது விண்ணப்பம், கொடுக்கவேண்டும். பயணத்தின் நோக்கம் என்ன என்று மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா கேட்டார். நாணயம் என்பதற்கான ஜேர்மன் சொல் அந்த நேரம் பார்த்து என் நாக்கில் வரவில்லை.

"பணம் பார்க்க" என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து டொலரை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தூக்கவில்லை, குனிந்து பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்திவிட்டுச் சொன்னார்: "இந்த மேசைக்கு வருகிற காரணங்களெல்லாம் கவலையானவை. கடைசியில் ஒரு நல்ல காரணம் வந்திருக்கிறது."

அந்த அம்மாவின் பெயரும் எனக்குத் தெரியாது. அவருக்கு என் முகமும் நினைவிருக்காது. ஆனாலும் இந்த நாட்டை யாரும் என் முன்னால் ஒரேயடியாகத் திட்டினால் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வரும்.

3

ஜேர்மன்காரர் புரூஃப் என்று சொல்வதில்லை. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மினுக்கிய தட்டு என்று வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதுக்கடை ஒன்றின் பின் அறையில் நாணயக் கழகம் கூடும். நான் முதன்முதல் அதற்கு வெளிக்கிட்டபோது, எங்கே என்று சுகந்தி கேட்டாள். மினுக்கின தட்டுப் பார்க்கப் போறன் என்று கௌரவமாகச் சொன்னேன்.

"கிழமை முழுக்க வேலை செய்தது காணாதெண்டு ஞாயிற்றுக்கிழமையும் கோப்பை கழுவப் போறியளோ?" என்றாள்.

கழகத்தில் நான் கற்றுக்கொண்டது வேறுபாடு பார்க்கிற வேலை. ஒரே ஆண்டு, ஒரே உருவம், ஒரே அச்சகம். ஆனாலும் ஒன்றல்ல. 1976ஆம் ஆண்டு போட்ட பெரிய டொலரின் பின்பக்கத்தில் சந்திரனும் அதன் மேல் ஒரு மணியும் இருக்கும். ஒரு வகையில் எழுத்துகள் தடிப்பு, மற்ற வகையில் மெல்லிசு. 1979இல் வந்த சின்ன டொலரில் ஒரு பெண்ணின் முகம். அவருடைய தோளுக்கு மேலே அச்சடித்த நகரத்தின் அடையாளமாக S என்று ஓர் எழுத்து. முதல் வகையில் அந்த எஸ், கல்லில் தவறி விழுந்த தோசைமாத் துளி போல மொத்தையாகக் கிடக்கும். இடையில் அச்சகத்தில் முத்திரையை மாற்றினார்கள், இரண்டாவது வகையில் எஸ் தெளிவாக வந்தது. தெளிவானது கிடைப்பது அருமை. 1981இலும் எஸ் இரண்டு வகை, ஆனால் அதைப் பிரித்தறிவது பெருங்கரைச்சல். அந்த எஸ்ஸால் கழகத்தில் பேரப்பிள்ளை கண்ட மனிதர் இருவர் ஒரு வருடம் கதைக்காமல் இருந்தார்கள்.

ஆரணிக்கு ஆறு ஏழு வயதிருக்கும்போது நான் உருப்பெருக்கியைக் கண்ணில் சொருகிக்கொண்டு மேசையில் குனிந்திருப்பேன். அவள் என் கைக்குக் கீழே தலையை நுழைத்து வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்வாள்.

"அப்பா, இது குண்டு எஸ்."

சரியாகத்தான் இருக்கும். குண்டு எஸ், மெல்லிசு எஸ் என்பது எங்கள் வீட்டுப் பெயராகிவிட்டது. என்னிடம் இருந்தது குண்டு எஸ் மட்டும்தான். அதை ஒரு வருடப்பிறப்புக்கு அவளுக்குக் கொடுத்தேன். மெல்லிசு எஸ் கிடைத்தால் அதுவும் உனக்குத்தான் என்று சொல்லி, நீலப் பெட்டியில் அதற்குப் பக்கத்துக் குழியை வெறுமையாக விட்டோம்.

கைவிசேஷத்துக்கு டொலர் என்று நான் தீர்மானித்ததற்குக் காரணம் இருந்தது. மார்க் கொடுத்தால் பின்னேரம் ஐஸ்கிறீம் ஆகிவிடும். புரூஃப் டொலரைச் செலவழிக்க முடியாது, அது அவளோடு இருக்கும். ஆனால் அதைத் தொடவும் கூடாதே. அதனால் ஒவ்வொரு நாணயத்தையும் அதன் வட்டமான பிளாஸ்டிக் டப்பாவோடு வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன். சுகந்திக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"உதென்ன கைவியளம்? கடைக் கண்ணாடிக்குள்ளாலை சாமான் காட்டிற மாதிரி."

"தொட்டால் பழுதாப் போயிடுமப்பா."

"தொடாட்டிக் கைவியளம் பழுதாப் போயிடும். கையிலை படாத காசு என்ன காசு?"

ஆண்டுதோறும் நல்ல நேரம் முடிவதற்குள் இந்த வாக்குவாதத்தையும் முடித்தாகவேண்டும். ஆரணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். டப்பாவை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்விடுவாள். சின்ன வயதில் துள்ளிக்கொண்டு போனாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நடந்து போனாள். பிறகு கழுத்தில் ஹெட்போனோடு வந்து, டங்க என்று ஜேர்மனில் நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அறையில் ஜேர்மன், தொலைபேசியில் ஜேர்மன், கனவில் பிதற்றினாலும் ஜேர்மன். கோயில் திருவிழாவுக்கு வருவாள், தேர் வடத்தைத் தொடுவாள், ஆனால் கண் கைத்தொலைபேசியில் இருக்கும். பிள்ளைகள் வளர்வதை நாங்கள் கதவுகள் சாத்தப்படும் சத்தத்தால் அளந்துகொண்டிருந்தோம்.

4

போன இலையுதிர் காலத்தில் நாணயச் சந்தை ஒன்றில் எனக்கு மெல்லிசு எஸ் கிடைத்தது. உருப்பெருக்கிக்குள் அந்த எழுத்து தெளிவாக எழுந்து நின்றது. என்ன விலை கொடுத்தேன் என்று சுகந்திக்குச் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

கழகத்தின் வருடாந்தக் கண்காட்சி மே மாதம். ஒரு கண்ணாடி மேசை முழுவதையும் எனக்குத் தருவதாக லிண்ட்னர் சொன்னார். ஆரணியின் டொலர்களை அடுக்கி, நடுவில் குண்டு எஸ்ஸையும் மெல்லிசு எஸ்ஸையும் சோடியாக வைப்பது என்று தீர்மானித்தோம். வெளிநாட்டில் பிறந்த ஒருவனுக்குக் கழகம் மேசை கொடுப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

ஆரணி தொலைபேசி எடுத்ததற்கு அடுத்த ஞாயிறு, விளக்க அட்டை எழுதுவதற்காக நீலப் பெட்டியை இறக்கிக் குசினி மேசையில் வைத்தேன். முதல் டப்பாவைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தேன்.

முகத்துக்கு முன்னால், கண்ணாடி போலிருக்கவேண்டிய இடத்தில், ஒரு விரலடையாளம். கபில நிறத்தில் உலோகத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. மிகச் சின்னது, ஒரு புளியங்கொட்டையளவுதான் இருக்கும். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் ஒரு விரல், கொஞ்சம் பெரிதாக. மூன்றாவதிலும் இருந்தது. அமெரிக்கா பொன்னிறத்தில் டொலர் அடிக்கத் தொடங்கிய பிறகு வந்தவற்றில் அடையாளம் இன்னும் கறுப்பு, அந்த உலோகம் அப்படிப்பட்டது. போன வருடம் கொடுத்ததில் வளர்ந்த ஒரு பெண்ணின் முழுப் பெருவிரல். பின்பக்கம் திருப்பினால் எல்லாவற்றிலும் சுட்டுவிரல்.

ஒன்றுகூட மிச்சமில்லை. பொய் சொல்லமாட்டேன், முதலில் வந்தது கோபம்தான்.

"சுகந்தி, இஞ்சை ஒருக்கா வாரும்."

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். டப்பாக்கள் திறந்து கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான் சொன்னனான்" என்றாள். "அறைக்குள்ளை போய்த் திறந்து, ஒருக்காக் கையிலை எடுத்துப்போட்டு மூடி வை, அப்பதான் அது கைவியளம் எண்டு."

"ஒவ்வொரு வருசமுமோ சொன்னனீர்?"

"இல்லை. முதல் வருசம் மட்டும்தான். பிறகு நான் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அவள் மறந்திருப்பாள் எண்டுதான் நினைச்சன்."

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தாள். அதை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியாது, மூக்கில் இடித்துக்கொண்டாள். நான் டொலர்களை வருட வரிசைப்படி மேசையில் வைத்தேன். இங்கே வாடகை வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் கீறி வைக்க முடியாது, வீடு மாறும்போது சுவரை வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எங்கள் பிள்ளை வளர்ந்த அளவு எங்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். அது அந்த மேசையில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போன வருடங்களிலும் அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மா சொன்னபடி கையில் எடுத்திருக்கிறாள். ஒரு வருடம்கூடத் தவறவில்லை. ஹெட்போன் போட்டிருந்த வருடமும்தான்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுகந்தி அழுதாள். நான் வெங்காயத்தில் பழி போட முடியாதபடி அங்கே வெங்காயமும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் டிரெஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். விரலடையாளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பிள்ளை, அந்த நீலப் பெட்டியை ஏன் விட்டிட்டுப் போனனீ?"

"இஞ்சை நாலு பேர் ஒண்டா இருக்கிறம் அப்பா. ஆக்கள் வந்து போவினம். துலைஞ்சு போயிடும் எண்டு பயம். ஏன், அதுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

குரலில் ஒரு பதற்றம். அத்தனையையும் தமிழில் கேட்டாள்.

"ஒண்டும் நடக்கேல்லை. நீ வர ஏலாட்டி நான் வாறன்."

"இவ்வளவு தூரமோ? எனக்கு உங்களோடை நிண்டு கதைக்கக்கூட நேரம் இராது."

"நீ படி. நான் கைவியளத்தைத் தந்திட்டு அடுத்த றெயினிலை திரும்பிடுவன்."

மறுநாள் வேலையில் லிண்ட்னரிடம், மே மாத மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"மகளின் தொகுப்புக்கு என்ன?"

"எல்லாம் தொட்டாயிற்று."

"தெளிவான எஸ் இருக்கிறதே. அது ஒன்றே போதும்."

"அது டிரெஸ்டனுக்குப் போகிறது."

"டப்பாவோடுதானே?"

இல்லை என்று தலையசைத்தேன். லிண்ட்னர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குப் போலவே திரும்பவும் போட்டார். எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

5

வருடம் பிறந்த சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக நிலையத்துக்குப் போனேன். சுகந்திக்கு அந்த வார இறுதியில் வேலை. தமிழ்க் கடையில் வாங்கிய வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் வெள்ளித்தாள் சுற்றித் தந்தாள். நெல் கிடைக்கவில்லை, அரிசியும் மஞ்சளும் ஒரு கடதாசிச் சரையில். பூவுக்கு, வாசலில் பூத்த மஞ்சள் நார்சிசஸ் ஒன்று. கைவிசேஷத்துக்கு ஞாயிறு காலையிலும் ஒரு நல்ல நேரம் இருந்தது. கோயிலில் இலங்கை நேரத்தை ஜேர்மன் நேரத்துக்கு மாற்றி எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

"கையிலை குடுங்கோ" என்றாள் சுகந்தி.

வார இறுதிக்கான மலிவு டிக்கெட் உள்ளூர் ரயில்களில் மட்டும்தான் செல்லும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகவேண்டும். எதிரில் இருந்த ஒரு தாத்தா என் மடியில் இருந்த வெள்ளித்தாள் பொதியைப் பார்த்து, சாப்பாடா என்று கேட்டார். இலை என்றேன். வழி முழுக்க அவர் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் நகர எல்லையைத் தாண்ட முத்திரைக்காகக் காத்திருந்த நான், நாட்டின் மறுகரை வரை ஒரு வெற்றிலையோடு போகிறேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சுதந்திரத்தை நினைத்து யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

அன்று அவளுடைய வீட்டில் ஒரு மெத்தையில் படுத்தேன். ஞாயிறு காலை குளித்துவிட்டு, நாலு பேருக்கும் பொதுவான குசினியில் கிழக்கு எது என்று பார்த்தோம். குளிர்சாதனப் பெட்டி இருந்த பக்கம் கிழக்கு. கூட இருக்கும் பெண் ஒருத்தி மேசையில் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் வெற்றிலையை விரித்ததும் அவள் கேட்காமலே எழுந்து வானொலியை நிறுத்தினாள். பிறகு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்கவேண்டும்.

வெற்றிலையில் அரிசி, மஞ்சள், பூ எல்லாம் வைத்தாயிற்று. சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். அதற்கு முன் என் கை, பழக்கத்தில், வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டது.

ஆரணி சிரித்துவிட்டாள். "என்னப்பா, ஒப்பரேசனுக்கோ வந்தனீங்கள்?"

கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தேன். டப்பாவின் விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் திறந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ புரூஃப் டொலர்கள் என் வழியாகப் போயிருக்கின்றன. அந்த முதல் டொலருக்குப் பிறகு ஒன்றையும் நான் வெறும் விரலால் தொட்டதில்லை. உலோகம் குளிர்ந்தது. பெருவிரல் முன்னாலும் சுட்டுவிரல் பின்னாலுமாகப் பிடித்து, வெற்றிலையோடு சேர்த்து, அவள் கையில் வைத்தேன்.

"சந்தோசமா இரு பிள்ளை."

அவள் கையை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, வெற்றிலையை விலக்கி, டொலரை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். உருப்பெருக்கி தேவைப்படவில்லை.

"மெல்லிசு எஸ்" என்றாள். "எப்பப்பா கிடைச்சது?"

"இந்த விண்டருக்கு முன்னம்."

"டப்பா எங்கை? இதைத் தொட்டிட்டீங்களே. இது இனிப் பழையபடி வராதப்பா. நான் இதைத்தான் படிக்கிறன், எனக்குத் தெரியும்."

"தெரியும். மற்றதுகளும் தொட்டுத்தான் கிடக்கு. பாத்தனான்."

அவள் முகம் மாறியது. சின்ன வயதில் பிடிபட்டால் கீழுதட்டைக் கடிப்பாளே, அதே மாதிரிக் கடித்தாள். நான் ஏசுவேன் என்று நினைத்திருப்பாள். நான் ஏசவில்லை.

அப்போது அவள் அந்த டொலரை உயர்த்தி, வலது கண்ணில் ஒருதரம், இடது கண்ணில் ஒருதரம் ஒற்றிக்கொண்டாள்.

நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. தொழிற்சாலையில் நடந்த கதையையும் சொன்னதில்லை, அது என் மடைத்தனம் என்று மறைத்து வைத்திருந்தேன். அவள் எங்கே பார்த்தாளோ, யாரிடம் எடுத்தாளோ, நான் கேட்கவில்லை. எனக்கு லிண்ட்னரின் அந்த ஒரு வசனம்தான் வாயில் வந்தது. எனக்கு அது கிடைத்த மொழியிலேயே வந்தது. வீட்டில் ஜேர்மன் கதைக்காதே என்று அவளை எத்தனை வருடம் ஏசியிருப்பேன், அந்த நான் என் பிள்ளைக்கு ஜேர்மன் மொழியில் சொன்னேன்:

"தொட்டாயிற்று. இனி இது உன்னுடையது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் ஈரமாயிருந்தது, இமையில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது.

"ஓம் அப்பா" என்றாள்.